சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போவது: எதை முதலில், எதைப் பிறகு

சைக்கிளில் அலுவலகம் போக முடிவெடுப்பவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். வண்டி வாங்கிய பிறகே மற்றதை யோசிக்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் அந்த வண்டி மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும். வண்டியில் குறை இருக்காது. அலுவலகத்தில் அதை நிறுத்த இடமில்லை, அல்லது வரைபடம் காட்டிய பாதையில் உயிர் பயம், அல்லது வியர்வையோடு கூட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். இவை எல்லாமே வண்டி வாங்கும் முன் தீர்க்கக்கூடியவை.

ஆகவே இங்கே வரிசை வேறு: இடம், பாதை, நேரம், அதன் பிறகு வண்டி. ஒருவழித் தூரம் 5 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சென்னை நெரிசலில் சிக்னல்களையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர்தான். எட்டு கிலோமீட்டருக்கு 35, 40 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் 12 கிலோமீட்டரைத் தாண்டினால் முழுதும் மிதிப்பதைவிட, புறநகர் ரயில் நிலையம் வரை சைக்கிள், மீதிக்கு ரயில் என்று பிரித்துக்கொள்வது நீடித்து நிற்கும்.

1. இரண்டு முனைகளையும் முதலில் உறுதி செய்யுங்கள்

வீட்டில் வண்டி எங்கே நிற்கும், அலுவலகத்தில் எங்கே நிற்கும் என்பதுதான் முதல் கேள்வி. அடுக்குமாடியில் கார் நிறுத்தும் தளத்தில் ஒரு தூணோ கம்பியோ இருந்தால் சங்கத்தில் சொல்லிவிட்டு அதோடு சேர்த்துப் பூட்டலாம். மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால், பதினைந்து கிலோ எடையை மாலை ஏழு மணிக்குத் தூக்குவதை ஒருமுறை கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் தூக்குவதில்லை.

அலுவலகத்தில் கேட்க வேண்டியது மேலாளரை அல்ல. வாசலில் நிற்கும் காவலாளியை. பல கட்டடங்களில் கார், பைக் இரண்டுக்கும்தான் இடம் ஒதுக்கியிருப்பார்கள். சைக்கிள் என்றதும் ‘வெளியே விடுங்கள் சார்’ என்பது வழக்கமான பதில். ஒரு நாள் முன்பாகவே போய், “அண்ணா, அடுத்த வாரத்திலிருந்து சைக்கிளில் வருகிறேன். எங்கே விட்டால் உங்களுக்குத் தொந்தரவு இல்லை?” என்று கேளுங்கள். இடத்தை அவரே காட்டினால் அந்த வண்டியை அவர் கவனித்துக்கொள்வார். முதல் நாள் காலை ஒன்பதரைக்கு, பின்னால் கார்கள் வரிசையாக நிற்கும்போது கேட்டால் கிடைக்கும் பதில் வேறு.

அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள்: முகம், கை, கழுத்து கழுவி உடை மாற்ற ஓர் இடம். குளியலறை இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய, தரை ஈரமில்லாத ஒரு கழிப்பறை போதும்.

2. பாதை: தெருக்களை அல்ல, கடக்கும் இடங்களைக் குறியுங்கள்

வரைபடச் செயலி காட்டும் பைக் வழியை அப்படியே பின்பற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அது வேகமான சாலையைத் தேடுகிறது. உங்களுக்கு வேண்டியது மெதுவான சாலை.

சென்னையைக் கூவமும் அடையாறும் குறுக்காக வெட்டுகின்றன. பக்கிங்காம் கால்வாயும் ரயில் பாதைகளும் வடக்குத் தெற்காக வெட்டுகின்றன. இவற்றைத் தாண்ட இருக்கும் பாலங்களும் சுரங்கப்பாதைகளும் குறைவு என்பதால் மொத்த ஊரும் அந்தச் சில இடங்களில் வந்து குவிகிறது. உங்கள் வழியில் இவற்றில் எதையெல்லாம் தாண்ட வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எங்கே தாண்டினால் பயம் குறைவு என்று முடிவுசெய்யுங்கள். பிறகு அந்தப் புள்ளிகளை உள்தெருக்களால் இணையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறு போக வேண்டும். தாண்ட வேண்டியவை மூன்று: ரயில் பாதை, அண்ணா சாலை, அடையாற்று நீர். ரயிலுக்குத் துரைசாமி சுரங்கப்பாதை அல்லது அரங்கநாதன் சுரங்கப்பாதை. அண்ணா சாலையைச் சைதாப்பேட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்து அதிலேயே ஓட்டுவதைவிட, நந்தனம் சிக்னலில் குறுக்காகக் கடப்பது மேல். ஆற்றுக்குச் சைதாப்பேட்டையின் மறைமலை அடிகள் பாலத்தை விட்டுவிட்டுக் கோட்டூர்புரம் பாலம். அதற்குப் பிறகு காந்தி மண்டபம் சாலை. இந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவே தியாகராய நகர் உள்தெருக்களை எப்படி வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம். தூரம் சற்றுக் கூடும். பேருந்துகளோடு போட்டியிடும் தூரம் பாதிக்கு மேல் குறையும்.

மேம்பாலங்களை முடிந்தவரை தவிருங்கள். ஏற்றத்தில் உங்கள் வேகம் குறைகிறது, பின்னால் வருபவரின் வேகம் கூடுகிறது, ஒதுங்க ஓரம் கிடையாது. நுழைவில் சைக்கிளுக்குத் தடைப் பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள். பாலத்துக்கு அடியில் போகும் சாலையில் ஒரு சிக்னல் கூடுதலாக நிற்க வேண்டிவரும், நிற்கலாம். கத்திப்பாரா போன்ற சுழல் பாலத்தில் சைக்கிளுக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டிலிருந்து ஒரு சாலை வந்து சேர்கிறது.

இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தடுப்பு வைத்துப் பாதையைச் சுருக்கியிருப்பார்கள். ஒருவழிப் பாதைகளும் மாறிக்கொண்டே இருக்கும். மாதவரம், பழைய மாமல்லபுரம் சாலை, ஆற்காடு சாலைப் பக்கங்களில் இருப்பவர்கள் மாற்று வழி ஒன்றையும் சேர்த்தே தயாராக வைத்திருங்கள்.

பாதையைக் குறிக்கும்போதே, வழியில் உள்ள சைக்கிள் கடைகள் இரண்டையாவது குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடைகள் ஏராளம். ஆனால் இப்போது பெரும்பாலும் பைக்குக்கும் காருக்கும்தான். சைக்கிள் சக்கரத்தில் பெண்டு எடுக்க, அதாவது கோணலை நிமிர்த்த, தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

3. புறப்படும் நேரம்

பள்ளிகள் தொடங்கும் நேரத்துக்கு முன்போ பின்போ பள்ளிச் சாலைகளைத் தாண்டிவிட வேண்டும். எட்டு மணியிலிருந்து எட்டே முக்கால் வரை அந்தச் சாலைகளில் இரண்டாம் வரிசையில் நிற்கும் கார்கள், திடீரென்று திறக்கும் கதவுகள், குறுக்கே ஓடும் குழந்தைகள். ஏழரைக்குப் புறப்பட்டாலும் எட்டுக்குப் புறப்பட்டாலும் வழியில் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும் என்று நினைப்பீர்கள். இல்லை.

சூரியனையும் கணக்கில் சேருங்கள். போரூர்ப் பக்கத்திலிருந்து கிண்டிக்கு வருபவருக்குக் காலையில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும்; மாலையில் திரும்பும்போது மேற்கே போவதால் மறுபடியும் கண்ணில் அடிக்கும். உங்கள் கண் கூசுவது பெரிதல்ல. பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணும் கூசுகிறது. அவருக்கு நீங்கள் ஒரு நிழல்தான். அப்படிப்பட்ட பாதை என்றால் பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

கோடையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். மாலையில் கடற்கரைப் பக்கம் வீடு திரும்புபவர்களுக்கு அது எதிர்க்காற்று. அதே தூரத்துக்குப் பத்து நிமிடம் கூடினால் உடம்பில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5.40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் 6.30 தாண்டும். கோடையில் தொடங்கியவர்கள் நவம்பரில் விளக்கில்லாமல் திண்டாடுவது இதனால்தான்.

4. இப்போது வண்டி

சென்னை சமதளம். பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆகவே இருபத்தொரு கியர் தேவையில்லை. கியரே இல்லாத வண்டி போதும். அல்லது பின்சக்கரத்தில் மட்டும் ஏழெட்டு கியர் உள்ளது. கியர் கூடக்கூடப் பழுதாகும் இடங்களும் கூடும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த வண்டியை விற்பனையாளர் முதலில் காட்டுவார். மலிவு விலையில் அது எடையைத்தான் சேர்க்கிறது. குழிகளின் அதிர்ச்சியை வாங்கச் சற்று அகலமான டயரும், காற்றை அளவாக வைப்பதும் போதும். 700சி என்று குறித்த பெரிய சக்கரமானால் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம். 26 அங்குலச் சக்கரமானால் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம், அதிகப் பட்டன் இல்லாத வழவழப்பான டயர். மெல்லிய ரேஸ் டயர் மழைநீர் வடிகால் மூடியின் கம்பி இடுக்கில் இறங்கிவிடும்.

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட், செயின் கார்டு, மணி: இந்த ஐந்தும் இல்லாத வண்டி வேலைக்குப் போகும் வண்டி அல்ல. இப்போதைய வண்டிகளில் அழகுக்காக இவற்றை விட்டுவிடுகிறார்கள். பிறகு பொருத்துவதற்கான துளைகளாவது சட்டத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். சேலையோ சுடிதாரோ அணிந்து ஓட்டுபவர்கள் குறுக்குக் கம்பி தாழ்ந்த வண்டியையும் பின்சக்கரத்துக்கு வலைக் காப்பையும் கேட்டு வாங்குங்கள். துப்பட்டாவின் நுனி சக்கரத்தின் போக்ஸ் கம்பியில் சிக்கினால் சக்கரம் நிற்காது. நீங்கள்தான் நிற்பீர்கள், அதுவும் கீழே விழுந்து.

பழைய ரோட்ஸ்டர் வண்டி, அதாவது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் அந்தக் காலத்துச் சைக்கிள், வீட்டில் இருந்தால் அதை ஒதுக்க வேண்டாம். டயர், ட்யூப், பிரேக் கட்டை மூன்றையும் புதிதாக மாற்றி, அச்சுகளில் உள்ள பால்ரஸ் குண்டுகளுக்குக் கிரீஸ் போட்டு ஓவராயில் செய்தால் (முழுக்கப் பிரித்துச் சீர்செய்தால்) எட்டு கிலோமீட்டருக்கு அது தாராளமாகப் போதும். திருடனும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

ட்யூபின் வால்வைக் கவனியுங்கள். பைக்கில் இருப்பது போன்ற வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். வால்டியூப் என்ற சிறு ரப்பர் குழாய் போட்ட பழைய வால்வுக்கோ மெல்லிய ரேஸ் வால்வுக்கோ கடைக் குழாய் பொருந்தாது; அதற்கான சிறு இணைப்பை வாங்கிப் பையில் போட்டுவையுங்கள்.

5. வண்டியோடு அன்றே வாங்க வேண்டியவை

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இரண்டும் பகலிலும் எரியும் திறன் உள்ளவையாக இருக்கட்டும்.

பூட்டு: எண் வைத்த மெல்லிய கேபிள் பூட்டைச் சாதாரண கட்டிங் பிளேயரே வெட்டிவிடும். யூ வடிவ இரும்புப் பூட்டு வாங்குங்கள். சட்டம், சக்கரம், தூண் மூன்றும் அதற்குள் வர வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரத்தை விட்டுவிட்டு மீதி வண்டி போய்விடும். பெடல் அச்சுக்கு அடியில் சட்டத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதைப் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தொலைந்து புகார் கொடுக்கும்போது ‘கறுப்பு சைக்கிள்’ என்பதைவிட அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

தலைக்கவசம் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. போடுங்கள். பைக் ஹெல்மெட் அல்ல. அது சென்னை வெயிலில் தலையை வேகவைக்கும். காற்றோட்டத் துளைகள் உள்ள சைக்கிள் ஹெல்மெட், புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும். நெற்றி முழுவதும் தெரிய, பின்னால் தள்ளிப் போடுவது போடாததற்குச் சமம்.

கைப்பம்பு, உபரி ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, அலென் கீ, சக்கர நட்டுக்கான ஸ்பேனர். இவை கேரியர் பையிலேயே நிரந்தரமாக இருக்கட்டும்.

6. உடம்புக்குப் பொருத்துதல்

சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். புதியவர்கள் இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கிவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் முழங்கால் வலி வருகிறது. ‘சைக்கிள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். நிற்க வேண்டுமானால் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நில்லுங்கள். உட்கார்ந்தபடி நிற்கத் தேவையில்லை.

எந்தக் கை பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்று கடையிலேயே பிடித்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்தே பிடிக்கப் பழகுங்கள். பின்பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் மிக நீளும். முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற விழலாம்.

7. ஒத்திகை: மாலைப் பாதையை முதலில் ஓட்டுங்கள்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘இருபத்தைந்து நிமிடம்தான்’ என்று திங்களன்று கிளம்புகிறவர்கள் பலர். ஞாயிறு காலைச் சென்னை வேறு ஊர். ஞாயிறு ஓட்டம் குழி, வேகத்தடை, திருப்பம் இவற்றைத் தெரிந்துகொள்ள மட்டும் உதவும்.

உண்மையான சோதனை வாரநாள் மாலை ஆறரை மணிக்கு, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வருவது. இருட்டு, களைப்பு, எதிர்க்காற்று, எல்லோருக்கும் வீடு போகும் அவசரம் எல்லாம் ஒன்றுசேரும் நேரம் அது. அந்த வழி ஒத்துவந்தால் காலைவழி தானாக ஒத்துவரும். காலைக்கும் மாலைக்கும் ஒரே பாதை இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலையில் கோட்டூர்புரம் பாலத்தில் எளிதாகத் திரும்பிய இடத்தில் மாலையில் வலப்பக்கம் வெட்ட வேண்டியிருக்கலாம்.

முதல் மாதம் செவ்வாயும் வியாழனும் மட்டும். திங்களன்று பேருந்தில் போய், அந்த வாரத்துக்கான சட்டை, துண்டு, உள்ளாடைகளை அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். வெள்ளியன்று பேருந்தில் அழுக்குத் துணியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஓட்டும் நாளில் சுமை குறையும். இடையில் ஒரு நாள் ஓய்வு தொடைக்கும் இடுப்புக்கும் வேண்டும். முதல் வாரமே ஐந்து நாளும் ஓட்டுபவர்களைவிட இவர்கள்தான் ஆறாம் மாதமும் சாலையில் இருக்கிறார்கள்.

8. சாலையில் உங்கள் இடம்

எல்லோரும் சாலையின் இடது விளிம்பை ஒட்டியே ஓட்டுகிறார்கள். அது பாதுகாப்பு என்று தோன்றும். விளிம்பில்தான் மணல், வடிகால் மூடி, கண்ணாடித் துண்டு, நடைபாதையில் இடமில்லாமல் இறங்கி நடப்பவர்கள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள் எல்லாம் இருக்கின்றன. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுங்கள். அப்போது பின்னால் வருபவர் உங்களைக் கடக்க உண்மையில் விலக வேண்டியிருக்கும்; இடைவெளியில் நுழைத்துப் பார்க்க மாட்டார். ஆபத்து வந்தால் இடப்பக்கம் ஒதுங்க உங்களுக்கும் அந்த ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும். நிறுத்தியிருக்கும் கார்களிடமிருந்தும் இதே தூரம், கதவு திறக்கும் அகலம் அது.

நேர்கோட்டை விடாதீர்கள். நிறுத்திய இரண்டு கார்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் உள்ளே போய், மறுபடி வெளியே வருவது மரியாதை போலத் தோன்றும். பின்னால் வருபவர் நீங்கள் ஒதுங்கிவிட்டதாக எண்ணி வேகமெடுத்த நொடியில்தான் நீங்கள் வெளியே வருவீர்கள்.

ஹாரன் அடித்தால் திடுக்கிட்டுத் திரும்ப வேண்டாம். திரும்பும் தலையோடு ஹேண்டில்பாரும் திரும்பும். நம் ஊரில் ஹாரனுக்குப் பாதி நேரம் ‘நான் பின்னால் இருக்கிறேன்’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது. நேராகப் போய்க்கொண்டே இருங்கள்.

பேருந்து. நின்றிருக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். நிறுத்தத்தை விட்டு ஒரு பாதை தள்ளி நிற்பதால் அங்கே இடம் இருப்பது போலத் தெரியும். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் அந்த இடத்துக்குத்தான் வருவார்கள். பின்னாலேயே நில்லுங்கள். அது மெல்லக் கிளம்பும், நீங்களும் மெல்லக் கிளம்பலாம். வலப்பக்கமாகக் கடந்தால் அடுத்த நிறுத்தத்தில் அதே பேருந்து உங்களைக் கடந்து இடப்பக்கம் வெட்டி நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இந்த விளையாட்டுத் தொடரும்.

ஆட்டோ, ஷேர் ஆட்டோ. ஆட்டோவைப் பார்ப்பதைவிடச் சாலையோரத்தைப் பாருங்கள். யாராவது கையை நீட்டினால் அடுத்த நொடி உங்களுக்கு முன்னால் போகும் ஆட்டோ இடப்பக்கம் வெட்டும். விளக்குப் போடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதன் முன்சக்கரம் திரும்புவதுதான் அதன் சைகை.

தண்ணீர் லாரி. சிக்னலில் அதன் இடப்பக்கம் நிற்காதீர்கள். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அந்த உயரத்திலிருந்து ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வளைந்து வரும். முன்னால் போய் அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். முடியாவிட்டால் அதற்குப் பின்னால்.

வலப்பக்கம் திரும்புதல். பெரிய சந்திப்பில் நடுப்பாதைக்குப் போய்க் கார்களோடு நின்று திரும்பத் தேவையில்லை. பச்சையில் நேராகக் கடந்து, எதிர்ப்புறத்தின் இடது மூலையில் நின்று, வண்டியை வலப்பக்கம் திருப்பிவைத்து, அந்தச் சாலைக்குப் பச்சை விழும்போது நேராகப் போங்கள். ஒரு சிக்னல் நேரம்தான் கூடும். அதுவும் பயமாக இருந்தால் இறங்கி, தள்ளிக்கொண்டு, நடப்பவர்கள் கடக்கும் வரிக்கோட்டில் கடங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் போகட்டும்.

இடப்பக்கம் தடையின்றித் திரும்பலாம் என்ற பலகை உள்ள சிக்னலில் நேராகப் போகிறவர் இடது ஓரத்தில் நின்றால், திரும்பும் வண்டிகளெல்லாம் உங்களை இடித்துக்கொண்டு போகும். அந்த ஒரு பாதையை அவர்களுக்கு விட்டுவிட்டு, அதற்கு வலப்பக்கம் நில்லுங்கள்.

எதிர்த்திசையில் வரும் பைக்கைக் கண்டால் கோபம் வரும். வேகத்தைக் குறைத்து, தேவையானால் நின்றுவிடுங்கள். பின்னால் பார்க்காமல் வலப்பக்கம் விலகுவதுதான் கூடாது.

வேகத்தடைக்குப் பல இடங்களில் வண்ணமே இருக்காது. தடைக்கு முன்பே பிரேக் பிடித்து, அதன்மேல் ஏறும்போது பிரேக்கை விட்டு, சீட்டிலிருந்து சற்று எழுந்து முழங்கையையும் முழங்காலையும் தளர்த்துங்கள். பாலங்களின் இணைப்பு இடுக்குகளையும் கம்பி மூடிகளையும் நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும்.

இரவில் நாய்கள் துரத்தினால் வேகமெடுக்கத் தோன்றும். ஓடுவதைத்தான் அவை துரத்துகின்றன. நின்று, இறங்கி, வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே பிடித்தபடி நடங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். ‘சிறிய கீறல்தான்’ என்று தள்ளிப்போட வேண்டாம்.

மோட்டார் வண்டி ஏதாவது மோதிவிட்டால் முதலில் அதன் எண்ணைப் படமெடுங்கள். சைக்கிளுக்கு உரிமமும் காப்பீடும் வேண்டாம். மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு உங்களுக்கும் பொருந்தும். ஆனால் காவல் நிலையப் பதிவு இல்லாமல் அதைக் கேட்டுப் பெறுவது கடினம். அடி பலமென்றால் 108.

9. வியர்வை, உடை, சாப்பாட்டு டப்பா

முதுகுப்பை வேண்டாம். சென்னையில் முதுகு நனைவதற்கு வேறு காரணமே தேவையில்லை. கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பையில் எல்லாவற்றையும் வையுங்கள். மடிக்கணினி என்றால் உறையில் சுற்றிச் செங்குத்தாக வையுங்கள். படுக்கவைத்தால் வேகத்தடை அதிர்ச்சி முழுவதும் அதில்தான் இறங்கும்.

சாம்பார் டப்பாவை எப்படி மூடினாலும் அது வழியும். கட்டியாகப் பிசைந்த தயிர்சாதம், புளியோதரை, சப்பாத்தி இவை சைக்கிளுக்கு ஏற்றவை. குழம்பு கட்டாயம் என்றால் திருகு மூடி டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனிப் பக்கத்தில் வையுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தை மெதுவாக ஓட்டுங்கள். வந்தவுடன் முகம் கழுவி உடை மாற்றுவதுதான் புதியவர்களின் அவசரம். உடம்பு சூடு தணியும்வரை வியர்த்துக்கொண்டே இருக்கும். புதுச் சட்டையும் நனைந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு ஈரத் துண்டால் துடைத்து, உலர்ந்த துண்டால் ஒற்றிவிட்டு மாற்றுங்கள். ஓட்டிய பனியனைப் பைக்குள் திணிக்காமல் எங்காவது காற்றில் காயப்போடுங்கள். மாலையில் அதையே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் ஒரு பெரிய குவளைத் தண்ணீர், வந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சைச் சாறோ. மே மாதக் கத்திரி வெயிலில் மதியம் ஓட்ட நேர்ந்தால் ஓட்டாதீர்கள். வண்டி அலுவலகத்திலேயே ஓர் இரவு இருக்கட்டும்.

10. பஞ்சர்

சாலையோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ட்யூபை மாற்றிவிட்டு, ஓட்டையை வீட்டில் ஒட்டுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றிப் பூட்ட ஒரு ஞாயிறு மதியம் இரண்டு முறை பழகினால் போதும். முதல்முறை இருட்டில், நடைபாதையில், மழையில் கற்றுக்கொள்வது கடினம்.

அநேகமாக எல்லோரும் தவறவிடும் படி ஒன்று உண்டு. ட்யூபைக் கழற்றியதும் டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிச் சுற்றுங்கள். முள்ளோ கம்பித் துணுக்கோ இன்னும் அங்கேயே குத்திக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அடுத்த தெருவில் மறுபடி பஞ்சர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தால் முள் அல்ல. காற்றுக் குறைவால் குழி விளிம்பில் ட்யூப் நசுங்கியிருக்கிறது.

ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் என்ற பசையைத் தடவி, பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து அதன் பிறகே ஒட்டுத் துண்டை வையுங்கள். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் இரண்டு நாளில் உரிந்துவிடும்.

கடையில் கம்ப்ரசர் காற்று அடித்தால் பக்கத்தில் நில்லுங்கள். பைக்குக்கு அடிக்கும் கைக்குச் சைக்கிள் ட்யூபின் அளவு தெரியாது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

11. வடகிழக்குப் பருவமழை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாதையை மாற்றிக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதைகள்தான் முதலில் நிரம்பும். துரைசாமியும் அரங்கநாதனும் பலத்த மழையன்று மூடப்படுவது புதிதல்ல. அவற்றை நம்பியிருப்பவர்களுக்குக் கோடம்பாக்கம் மேம்பாலம் அன்றைக்கு மட்டும் விதிவிலக்கு. தள்ளிக்கொண்டே ஏறினாலும் சரி.

தேங்கிய நீரில் ஓட்டாதீர்கள், ஆழம் தெரிந்த தெருவாக இருந்தாலும். நீர் வடியட்டும் என்று யாராவது மூடியைத் திறந்துவைத்திருக்கலாம். நேற்று இருந்த மூடி இன்று இருக்கும் என்ற உறுதி இல்லை. இறங்கித் தள்ளுவதும் அதே காரணத்துக்காக வேண்டாம். திரும்பிப் போங்கள்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் நனைந்தால் உடனே பிடிக்காது. முதலில் நீரைத் துடைக்க லேசாகப் பிடித்து, பிறகு அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆகவே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரத்திலேயே தொடங்குங்கள். ஈரத்தில் வரிக்கோட்டு வண்ணமும் இரும்பு மூடியும் வழுக்கும். அவற்றின்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது.

நீளமான மழைக்கோட்டு சக்கரத்தில் சிக்கும், உள்ளே வியர்வையாலும் நனைவீர்கள். இடுப்பளவு மேல்சட்டையும், கேரியர் பைக்கு நீர் புகாத உறையும் போதும். கால் நனையட்டும், மாற்றுச் செருப்பு ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும்.

12. பராமரிப்பு

ஞாயிறுதோறும்: காற்று, பிரேக், செயின். டயரை விரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாமல் அளவுமானி உள்ள பம்பால் அடியுங்கள். பிரேக் கட்டையில் பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால் மாற்றுங்கள். செயினைப் பழைய துணியால் துடைத்து, செயினுக்கான எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். வெளியே பளபளக்கும் எண்ணெய்க்குத் தூசியைச் சேர்ப்பதைத் தவிர வேறு பயன் இல்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுப்பாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும். ஒரே மழையில் போய்விடும். மழையில் ஓட்டிய நாளன்று இரவே துடைத்து எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் காலைக்குள் துரு ஏறியிருக்கும்.

கடலோரப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனித் தொல்லை. திருவான்மியூரிலோ பட்டினப்பாக்கத்திலோ வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினால் போக்ஸ் கம்பியும் நட்டும்தான் முதலில் போகும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒற்றுங்கள்.

மழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை, மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை கடையில் விடுங்கள். ‘சர்வீஸ் செய்யுங்கள்’ என்று மட்டும் சொன்னால் கழுவித் துடைத்துக் கொடுப்பார்கள். இரண்டு சக்கரத்திலும் பெண்டு எடுக்க வேண்டும், இரண்டு அச்சையும் பெடல் அச்சையும் திறந்து பால்ரஸ் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும், பிரேக் ஒயர் பிரிந்திருந்தால் மாற்ற வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கடையிலிருந்து திரும்ப வாங்கும்போது வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே தெருவில் ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.